ஜெல்லிஃபினில் பழைய பில்லாவுக்குப் புதிய பில்லாவின் போஸ்டர் வருகிறது: ஃபைல்களுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

கேள்வி: திரைக்கொட்டகை

பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ், அதன்மேல் ஜெல்லிஃபின் (நம் வீடியோக்களைப் போஸ்டரோடு டிவியில் காட்டும் மீடியா சர்வர்). 4 டிபி டிஸ்க் ஒன்று. வாங்கி வைத்திருந்த டிவிடி, புளூரேகளிலிருந்து எடுத்த படங்கள் 350 வரும். ரெக்கார்டு செய்த மெகா சீரியல் ஒன்று, 900 சொச்சம் எபிசோடு. மீதி எல்லாம் கல்யாணம், வளைகாப்பு வகையறா. பாதி ஃபைல்கள் விண்டோஸ் லேப்டாப்பிலிருந்தும், பாதி பழைய மேக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவி வழியாகவும் வந்தவை. பெயர்கள் சில தமிழில், சில ஆங்கிலத்தில், சில வெறும் 'டைட்டில்01'.

இப்போதுள்ள சிக்கல்கள்:

பில்லா, விக்ரம் போன்ற ஒரே பெயர்ப் படங்கள் தப்பாகப் பொருந்துகின்றன. திருத்தி வைத்தாலும் சில நாளில் பழைய தப்பே திரும்ப வருகிறது.

இரண்டு டிவிடி டிஸ்கில் வந்த படம் இரண்டு படமாகத் தெரிகிறது.

தமிழ்ப் பெயர் வைத்த சில படங்களுக்குப் பக்கத்திலேயே சப்டைட்டில் ஃபைல் இருக்கிறது, சர்வருக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு இரண்டு பெயரும் ஒன்றுதான்.

ஆடியோ டிராக் எல்லாம் 'அன்டிஃபைன்ட்' என்று வருகிறது. டிவியில் போட்டால் தெலுங்கில் ஆரம்பிக்கிறது.

சீரியலும் வீட்டு வீடியோவும் எங்கே, எந்தப் பெயரில் போவது?

எல்லாப் பெயரையும் மொத்தமாக மாற்றத் தயார். ஒரே தடவையில் முடிக்க வேண்டும்.

---

பதில் 1: கம்பிவலை

முதலில் எழுத்து விஷயம். இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ஃபைல் நீட்சி, சீசன், எஸ், ஈ, பார்ட், மொழிக்குறி, ஐடி ஆகியவை சர்வர் படிக்கிற சொற்கள். டிஸ்கில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும். படத்தின் பெயர் எந்த எழுத்தில் என்பது தனிப் பஞ்சாயத்து, கீழே யாராவது ஆரம்பிப்பார்கள்.

படம், சீரியல், வீட்டு வீடியோ மூன்றும் மூன்று தனி லைப்ரரி. ஒன்றின் ஃபோல்டருக்குள் இன்னொன்று இருக்கவே கூடாது. 'மிக்ஸ்டு' வகை லைப்ரரி பக்கம் போகாதீர்கள், அதில் பொருத்தம் எப்போதுமே தடுமாறும்.

படத்துக்கு அமைப்பு இப்படி:

படங்கள்/
　பில்லா (1980)/
　　பில்லா (1980).எம்கேவி
　　பில்லா (1980).டிஏ.எஸ்ஆர்டி
　பில்லா (2007)/
　　பில்லா (2007).எம்கேவி

ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர், பெயருக்குப் பின் ஒரு இடைவெளி, அடைப்புக்குறிக்குள் ஆண்டு. ஃபைலுக்கும் அதே பெயர். ஆண்டு ஏன் இத்தனை முக்கியம் என்றால், பில்லா என்று தேடினால் 1980, 2007 மட்டுமல்ல, 2009 தெலுங்குப் படமும் வரும். விக்ரமுக்கு 1986-ம் 2022-ம் உண்டு. ஆண்டு இல்லாவிட்டால் சர்வர் தேடல் பட்டியலில் மேலே நிற்பதை எடுத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் புதிய படம். எண்ணே பெயராக உள்ள படத்துக்கு இது இன்னும் அவசியம்: '96 (2018)' என்று எழுதினால்தான் எது பெயர், எது ஆண்டு என்று அதற்குப் புரியும்.

ஆண்டு போட்டும் பொருந்தாதவற்றுக்கு ஐடி. ஜெல்லிஃபின் படத் தகவல் எடுக்கும் டிஎம்டிபி தளத்தில் அந்தப் படத்தின் பக்கத்தைத் திறந்தால் முகவரியில் ஒரு எண் இருக்கும். ஃபோல்டர் பெயரின் கடைசியில் சதுர அடைப்புக்குள் டிஎம்டிபிஐடி, ஒரு ஹைஃபன், அந்த எண். ஜெல்லிஃபினுக்கு இது போதும், தேடாமல் நேராக அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். பிளெக்ஸ் என்ற இன்னொரு மீடியா சர்வர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதற்கு நெளிவு அடைப்பு, சொல்லும் வெறும் டிஎம்டிபி. சதுர அடைப்புக்குள் இருப்பதைப் பிளெக்ஸ் கண்டுகொள்ளாது. 350 படத்துக்கும் ஐடி போட வேண்டியதில்லை. மேலே சொன்னபடி பெயரையும் ஆண்டையும் சரியாக வைத்து ஒரு ஸ்கேன் விடுங்கள், தப்பாகப் பொருந்தியவற்றுக்கு மட்டும் போடுங்கள்.

'திருத்தினாலும் திரும்ப வருகிறது' என்றீர்களே, அங்கே எனக்குச் சந்தேகம் என்எஃப்ஓ ஃபைல் (படத்தின் தலைப்பு, ஐடி போன்ற மெட்டாடேட்டா தகவலை எழுதி வைக்கும் சின்ன ஃபைல்) மேல். லைப்ரரி அமைப்பில் 'மெட்டாடேட்டா சேவர்' பகுதியில் என்எஃப்ஓ டிக் ஆகியிருந்தால், முதல் தடவை பொருந்திய தப்பான ஐடி படத்தின் பக்கத்திலேயே ஃபைலாக எழுதப்பட்டிருக்கும். டிஸ்கில் உள்ள என்எஃப்ஓவுக்கு இணையத் தகவலைவிட முன்னுரிமை. அந்த ஃபைல் இருக்கும்வரை நீங்கள் பெயரை எத்தனை அழகாக மாற்றினாலும் பலன் இருக்காது. என்எஃப்ஓவை நீக்கி, பெயரைச் சரி செய்து, பிறகு 'ரீபிளேஸ் ஆல் மெட்டாடேட்டா' கொடுங்கள்.

இரண்டு டிஸ்க் படம்: பெயரின் கடைசியில் '-பார்ட்1', '-பார்ட்2' என்று வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒரே படமாகத் தெரியும். ஆனால் இடைவேளை முடிந்து அடுத்த பாகம் தானாகத் தொடர்வது ஆப்புக்கு ஆப்பு மாறும், சப்டைட்டிலும் பாகத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைக்க வேண்டும். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற எம்கேவி கருவித் தொகுப்பில் முதல் ஃபைலைச் சேர்த்து, இரண்டாவதை 'அப்பெண்ட்' செய்து ஒரே ஃபைலாக்கிவிடுவது மேல். மறுபடி என்கோட் ஆகாது, டிஸ்கில் காப்பி ஆகும் நேரம்தான். இரண்டுக்கும் வீடியோ வகை, அளவு, ஆடியோ சேனல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே செட் டிவிடியில் பெரும்பாலும் இருக்கும்.

எதிர்ப்பக்கம் ஒரு பொறி: பெயரிலேயே 'பார்ட் 1', 'பார்ட் 2' உள்ள இரு வேறு படங்களை ஒரே ஃபோல்டரில் போட்டால் சர்வர் இரண்டையும் ஒட்டி ஒரே படமாக்கிவிடும். தனித் தனி ஃபோல்டர், தனித் தனி ஆண்டு, வேறு வழியில்லை.

ஒரே படம் டிவிடியிலும் புளூரேயிலும் இருந்தால், ஒரே ஃபோல்டரில் 'விக்ரம் (1986) - 1080பி', 'விக்ரம் (1986) - 576பி' என்று வையுங்கள். ஒரே போஸ்டருக்குள் இரண்டு வெர்ஷனாகத் தெரியும். இடைவெளி, ஹைஃபன், இடைவெளி, மூன்றும் வேண்டும். ஹைஃபனுக்கு முன்னால் உள்ளது ஃபோல்டர் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஃபோல்டரில் ஐடி போட்டிருந்தால் ஃபைலிலும் அந்த ஐடி வர வேண்டும். 'வெர்ஷன் சேரவில்லை' என்று வருகிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு வரிதான் பதில்.

கோலன், கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள், செங்குத்துக் கோடு, சாய்கோடு இரண்டும், கோணக்குறி இரண்டும் பெயரில் வேண்டாம். லினக்ஸ் கோலனை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதே ஃபோல்டரைச் சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை நெட்வொர்க்கில் விண்டோஸுக்குக் காட்டும் மென்பொருள்) வழியாக விண்டோஸில் திறந்தால் பெயர் இருக்கும் இடத்தில் அலைக்குறி போட்ட எட்டெழுத்துக் குட்டிப் பெயர் ஒன்று நிற்கும்.

---

பதில் 2: ஒற்றெழுத்து

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் சப்டைட்டில் சேராததற்கு மேக்தான் காரணமாக இருக்கும்.

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்று, மொத்தம் இரண்டு குறியீடு. அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடு. திரையில் இரண்டும் ஒன்றே. கோ, கௌ வரிசைக்கும் இதே கதை. முதல் வகையை என்எஃப்சி என்பார்கள், பிரித்து எழுதும் வகையை என்எஃப்டி. பழைய மேக்குகளில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சிஸ்டம், ஃபைல் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். ஆர்சிங்க் அதை அப்படியே லினக்ஸுக்கு அனுப்பிவிடும். லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, இரண்டும் அதற்கு வேறு வேறு பெயர். படம் மேக்கிலிருந்தும் சப்டைட்டில் விண்டோஸிலிருந்தும் வந்திருந்தால், பெயரில் ஒரே ஒரு ஒகரம் இருந்தாலும் பொருத்தம் போச்சு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் இல்லாத பெயர்களில் சிக்கல் வராது. 'சில படங்களுக்கு மட்டும்' என்று நீங்கள் சொன்னது அதனால்தான்.

தீர்வு: கான்வ்எம்வி என்ற சின்னக் கருவி டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. உள்ளிடு குறியாக்கம் யூடிஎஃப்8, வெளியீடு யூடிஎஃப்8, என்எஃப்சி ஆப்ஷன், உள் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து ஆர் ஆப்ஷன். இத்தனையும் கொடுத்து ஓட்டினால் என்னென்ன மாறும் என்று பட்டியல் மட்டும் காட்டும். 'நோடெஸ்ட்' என்ற ஆப்ஷனைச் சேர்க்காதவரை எதையும் தொடாது, பயப்படாமல் ஓட்டலாம். மேக்கிலிருந்து இன்னும் வர வேண்டியது இருந்தால் ஆர்சிங்கிலேயே ஐகான்வ் ஆப்ஷன் உண்டு: மேக் பக்கம் யூடிஎஃப்8-மேக், லினக்ஸ் பக்கம் யூடிஎஃப்8 என்று கொடுத்தால் வழியிலேயே சேர்த்துவிடும்.

இதிலும் சரியாகாத ஒன்று உண்டு. 'மௌனம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பையும் ள என்ற எழுத்தையும் தட்டியிருப்பார்கள். அது உண்மையிலேயே வேறு எழுத்து, கான்வ்எம்விக்கு அது தப்பென்று தெரியாது. கையால்தான் திருத்த வேண்டும். கால் குறிக்குப் பதில் ர போட்ட பெயர்களும் இருக்கும், அவற்றையும் பாருங்கள்.

அடுத்தது நீளம். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3. 'தொட்டில்' என்பது நான்கெழுத்துதான், குறியீடு எட்டு, ஆக 24 பைட். பிரித்த வடிவில் 27. கணக்குப் போட்டால் 85 குறியீடு, சுமாராக 45 எழுத்தோடு சரி. விண்டோஸ் இதே 255-ஐ வேறு விதமாக எண்ணுவதால் அங்கே நீளமான தமிழ்ப் பெயர் நிம்மதியாக இருக்கும். லினக்ஸுக்குக் காப்பி செய்யும்போது 'பெயர் நீளம்' என்று நின்றுவிடும். சினாலஜி என்ஏஎஸ்ஸில் (நெட்வொர்க் டிஸ்க் பெட்டி) என்கிரிப்ட் செய்த ஷேர்டு ஃபோல்டர் என்றால் எல்லை 143 பைட், தமிழில் 47 குறியீடு. ஆண்டு, வெர்ஷன், மொழிக்குறி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். படப் பெயருக்குத் தாங்கும். 'முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி பெரியப்பா வீட்டார்' போன்ற வீட்டு வீடியோப் பெயர்தான் இடிக்கும்.

இவை இரண்டையும் கவனித்தால் தமிழ்ப் பெயர் வைப்பதில் தப்பே இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் ழவுக்கு எந்த எழுத்து, ஈகாரத்துக்கு ஒரு ஐயா இரண்டா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல்.

---

திரைக்கொட்டகை

சோதனை ஓட்டத்தில் 140 பெயர் காட்டுகிறது! ஏழு இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றை என்ன செய்வது?

---

ஒற்றெழுத்து

அந்த ஏழையும் முதலில் கையால் ஒன்று சேருங்கள். சேர வேண்டிய பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருந்தால் கான்வ்எம்வி அதைத் தொடாமல் விட்டுவிடும். ஒன்றின் பெயரை 'தற்காலிகம்1' என்று மாற்றி, உள்ளே இருப்பதை மற்றதற்குள் நகர்த்தி, காலி ஃபோல்டரை நீக்குங்கள். அப்புறம் நோடெஸ்ட்.

---

பதில் 3: ஒலித்தடம்

ஆடியோ மொழி பெயரில் இல்லை, ஃபைலுக்குள் இருக்கிறது. ஃபைல் பெயரில் 'தமிழ்' என்று எழுதினால் சர்வர் அதைப் படத்தின் பெயராகத்தான் படிக்கும்.

எம்கேவிடூல்நிக்ஸில் 'ஹெடர் எடிட்டர்' திறந்து, ஒவ்வொரு ஆடியோ டிராக்குக்கும் மொழியைத் தமிழ், தெலுங்கு என்று தேர்ந்தெடுங்கள். தமிழ் டிராக்குக்கு 'டீஃபால்ட் டிராக்' ஆம், மற்றவற்றுக்கு இல்லை. சேமிக்கச் சில நொடிதான், தலைப்பகுதி மட்டும் மாறுகிறது. நிறைய ஃபைல் என்றால் அதே தொகுப்பில் வரும் எம்கேவிபிராப்எடிட் என்ற கட்டளைவரிக் கருவி. 'டிராக் ஏ1' என்றால் முதல் ஆடியோ, அதற்கு மொழி 'டிஏஎம்'. ஆனால் எல்லா ஃபைலிலும் முதல் டிராக் தமிழ்தானா என்று பார்க்காமல் மொத்தமாக ஓட்டாதீர்கள். தப்பாக ஒட்டின லேபிளைப் பிறகு ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த இரண்டும் எம்கேவியை மட்டும்தான் திருத்தும். எம்பி4 ஆக இருந்தால் முதலில் அதே தொகுப்பில் உள்ள எம்கேவிமெர்ஜில் போட்டு எம்கேவி ஆக்குங்கள், மொழியையும் அங்கேயே வைத்துவிடலாம்.

ஜெல்லிஃபின் பக்கம்: ஒவ்வொரு பயனருக்கும் 'பிளேபேக்' அமைப்பில் விருப்ப ஆடியோ மொழி தமிழ். அதற்குக் கீழே 'மொழி எதுவானாலும் டீஃபால்ட் டிராக்கையே போடு' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுக்காவிட்டால் விருப்ப மொழி வைத்தும் தெலுங்கிலேயே ஆரம்பிக்கும்.

ஒரே படம் தமிழில் ஒரு ஃபைல், தெலுங்கில் ஒரு ஃபைல் என்று இருந்தால் இரண்டையும் ஒன்றாக்க ஆசை வரும். ஆக்குவதற்கு முன் இரண்டின் ஃப்ரேம் வேகத்தையும் மொத்த நீளத்தையும் மீடியாஇன்ஃபோ என்ற கருவியில் பாருங்கள். ஒன்று 23.976, மற்றது 25 என்றால் இரண்டரை மணி நேரப் படத்தில் கடைசியில் ஆறு நிமிடம் தள்ளிப் போயிருக்கும். வெறும் தாமதம் கொடுத்துச் சரி செய்ய முடியாது. வேகம் ஒன்றாக இருந்து, தொடக்க டைட்டில் கார்டுகள் மட்டும் கூடக் குறைய இருந்தால் எம்கேவிமெர்ஜில் அந்த டிராக்குக்கு மில்லிசெகண்டில் தாமதம் கொடுத்தால் போதும். நடுவில் ஒரு பாட்டோ சண்டையோ வெட்டப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டு வெர்ஷனாகவே இருக்கட்டும்.

சப்டைட்டில்: படத்தின் பெயர், புள்ளி, மொழிக்குறி, புள்ளி, எஸ்ஆர்டி. தமிழுக்கு 'டிஏ' அல்லது 'டிஏஎம்', ஆங்கிலத்துக்கு 'ஈஎன்'. வேற்றுமொழி வசனம் வரும் இடத்துக்கு மட்டுமான சப்டைட்டில் என்றால் மொழிக்குறிக்குப் பின் 'ஃபோர்ஸ்டு'. ஃபைல் யூடிஎஃப்8-ல் இருக்க வேண்டும். பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருந்தால் கிறுக்கலாக வரும்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறதா? சர்வர் அதைப் படத்தின்மேலேயே பதித்து அனுப்பும்போது எழுத்துருவைச் சர்வரில்தான் தேடும். டெபியனில் நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவுங்கள், அதில் தமிழ் உண்டு. ஜெல்லிஃபின் டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை) ஓடுகிறது என்றால் எழுத்துரு கன்டெய்னருக்குள் இருக்க வேண்டும், வெளியே நிறுவிப் பயனில்லை.

---

பதில் 4: கேசட்_காலம்

சீரியல்:

சீரியல்கள்/
　சீரியல் பெயர் (ஆண்டு)/
　　சீசன் 01/
　　　சீரியல் பெயர் எஸ்01ஈ0001.எம்கேவி
　　　சீரியல் பெயர் எஸ்01ஈ0002.எம்கேவி

900 எபிசோடு என்பதால் நான்கு இலக்கம். சர்வருக்கு 'ஈ1' என்றாலும் புரியும். ஃபைல் மேனேஜரில் பார்க்கும் உங்களுக்குத்தான் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். சீசன் ஃபோல்டரை 'எஸ்01' என்று சுருக்க வேண்டாம், முழுச் சொல்லாகவே எழுதுங்கள். சிறப்பு நிகழ்ச்சி, நூறாவது நாள் கொண்டாட்டம் எல்லாம் 'சீசன் 00'.

சேனல் போட்ட எண்ணையே வையுங்கள். நடுவில் 37 எபிசோடு ரெக்கார்டு ஆகவில்லை என்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். இடைவெளியை மூடி எண்களை நெருக்கினால், பின்னால் விட்டது கிடைக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டிவரும். எண்ணே தெரியாது, தேதிதான் தெரியும் என்றால் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தேதியைப் பெயரில் வைக்கலாம். ஆனால் எண்ணும் தேதியும் கலந்து ஒரே சீரியலில் வைக்காதீர்கள்.

மெகா சீரியலுக்கு டிஎம்டிபியில் எபிசோடு விவரம் முழுசாக இருப்பது அரிது. அந்த லைப்ரரிக்கு எபிசோடு மெட்டாடேட்டா டவுன்லோடரை அணைத்துவிட்டால் ஃபைல் பெயரே தலைப்பாக வரும். வேறு ஊர்த் தொடர் ஒன்றின் கதைச் சுருக்கம் வந்து ஒட்டிக்கொள்வதைவிட அது நல்லது.

வீட்டு வீடியோ: லைப்ரரி வகை 'ஹோம் வீடியோஸ் அண்ட் போட்டோஸ்'. இது இணையத்தில் எதையும் தேடாது, ஃபோல்டர்களை உள்ளபடி காட்டும். படங்கள் லைப்ரரியில் 'கமலா கல்யாணம்' என்று போட்டால் அது எங்கிருந்தாவது ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு வரும்.

பெயர் தேதியில் ஆரம்பிக்கட்டும்: '2004-09-12 கல்யாணம் - 1 நலங்கு', '2004-09-12 கல்யாணம் - 2 முகூர்த்தம்'. நாள் மட்டும் தெரியாவிட்டால் '2004-09', மாதமும் தெரியாவிட்டால் '2004'. தெரியாத இடத்தில் 01-01 போட்டால், பத்து வருடம் கழித்து அது நிஜத் தேதியா சும்மா போட்டதா என்று யாருக்கும் தெரியாது.

ஸ்டுடியோக்காரர் கொடுத்த டிவிடியில் விஓபி ஃபைல்கள் 1 ஜிபி ஒன்றாக வெட்டியிருக்கும். அவற்றைத் தனித்தனியாக இழுத்துப் போடாதீர்கள், தாலி கட்டும் இடத்தில் வெட்டு விழும். மேக்எம்கேவி என்ற மென்பொருளில் டிஸ்க் முழுவதையும் கொடுத்தால் ஒரு டைட்டிலுக்கு ஒரு எம்கேவி வரும். பெரும்பாலும் 576 வரி, இன்டர்லேஸ்டு (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பதிவானது). அசைவில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தாலும் மூலத்தை மாற்றாதீர்கள், பார்க்கும்போது பிளேயர் சரி செய்துகொள்ளும். மறுபடி என்கோட் செய்து மூலத்தை அழித்தால் போனது போனதுதான்.

கேம்கார்டர் எம்டிஎஸ் ஃபைல்: நீளமான ஷாட்டைக் கார்டின் அளவு எல்லை காரணமாகக் கேமராவே துண்டாக்கியிருக்கும், எண்கள் அடுத்தடுத்து இருக்கும். அப்படி ஒரே ஷாட்டின் துண்டுகளை லினக்ஸில் 'கேட்' கட்டளையால் வரிசையாக ஒட்டிவிட்டு, அப்புறம் எம்கேவி ஆக்குங்கள்.

தேதி எடுக்கும்போது ஒரு வம்பு. ஆண்ட்ராய்டு ஃபோன்கள் எம்பி4-க்குள் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 4.30 முகூர்த்தம் முந்தின நாள் இரவு 11 மணி என்று பதிவாகியிருக்கும். கருவி அதை அப்படியே பெயராக்கினால் கல்யாணம் ஒரு நாள் முன்னாடியே நடந்துவிடும். ஃபைலுக்குள் உள்ள தேதியைப் படிக்கும் எக்சிஃப்டூலில் 'குயிக்டைம்யூடிசி' ஆப்ஷன் கொடுத்தால் உள்ளூர் நேரமாக மாற்றித் தரும். ஆனால் பல கேமராக்கள் யூடிசி பார்க்காமல் உள்ளூர் நேரத்தையே எழுதும், அவற்றுக்கு இதே ஆப்ஷன் தப்பான பக்கம் தள்ளிவிடும். ஒவ்வொரு கருவியிலிருந்தும் நேரம் தெரிந்த ஒரு கிளிப்பை எடுத்துச் சோதியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தவற்றின் பெயரில் உள்ள தேதி படம் எடுத்த நாள் அல்ல, எடுத்த நேரமும் அதில் இல்லை. அதை நம்ப வேண்டாம்.

---

கம்பிவலை

ஒற்றெழுத்து சொன்னதில் பைட் கணக்கு, என்எஃப்சி இரண்டும் சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில், திரையில் தெரிகிற தலைப்பு தமிழில்: இதுதான் என் கட்சி. டிவியில் பென்டிரைவ் சொருகினால் தமிழ்ப் பெயருக்குக் கட்டம் காட்டும் பழைய டிவிகள் இன்னும் இருக்கின்றன. டெர்மினலில் வேலை செய்யும்போதும் எளிது. எழுத்துக்கூட்டல் குழப்பத்துக்கு டிஎம்டிபியில் உள்ள தலைப்பை அப்படியே எடுத்தால் போதும். மெட்டாடேட்டா மொழியைத் தமிழ் என்று வைத்தால், யாராவது அங்கே தமிழில் எழுதி வைத்திருக்கும் படங்களுக்குத் தமிழ்த் தலைப்பு வரும். மற்றவற்றுக்குக் கையால் தட்டி அந்தப் புலத்தைப் பூட்டிவிடுங்கள்.

வரிசையையும் பாருங்கள். யூனிகோடு எண் வரிசை நம் அகரவரிசை அல்ல. 'அவள்' முன்னால், 'அழகு' பின்னால் என்பது அகராதி. யூனிகோடில் ழ முதலில், வ அப்புறம், ஆகவே தலைகீழ். ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே வந்து உட்காரும். ஜெல்லிஃபினின் பக்கவாட்டு எழுத்துப் பட்டையிலும் ஆங்கில எழுத்துகள்தான். தலைப்பைத் தமிழிலும் 'சார்ட் டைட்டில்' புலத்தை ஆங்கில எழுத்திலும் வைத்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

வேலை செய்யும் முறை: லைப்ரரிக்கு வெளியே, அதே டிஸ்கில் 'வரவு' என்று ஒரு ஃபோல்டர். புதியது எல்லாம் முதலில் அங்கே. பெயர், மொழிக்குறி, சப்டைட்டில் எல்லாம் முடித்த பிறகு லைப்ரரிக்குள் நகர்த்துங்கள். ஒரே டிஸ்க் என்பதால் கண் இமைக்கும் நேரம்தான். நெட்வொர்க் வழியாக நேரே லைப்ரரிக்குள் காப்பி செய்தால், பாதி வந்த ஃபைலைச் சர்வர் ஸ்கேன் செய்து, இரண்டரை மணி நேரப் படத்துக்கு 40 நிமிடம் என்று எழுதி வைத்துக்கொள்ளும். மொத்தமாகப் பெயர் மாற்ற ஃபைல்பாட் அல்லது டைனிமீடியாமேனேஜர் பாருங்கள், இரண்டுமே மாற்றப்போவதை முன்கூட்டிக் காட்டும். முதலில் பத்துப் படத்தில் சோதித்து, சர்வர் சரியாக எடுக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதி 340-ஐத் தொடுங்கள்.

ஸ்கேன் விட்டும் ஒன்றுமே வரவில்லை என்றால் அது பெயர்ச் சிக்கல் அல்ல, அனுமதிச் சிக்கல். சர்வர் 'ஜெல்லிஃபின்' என்ற பயனராக ஓடுகிறது. டெஸ்க்டாப்பில் தானாக மவுண்ட் ஆகும் யூஎஸ்பி டிஸ்க் உங்கள் பயனருக்கு மட்டுமே திறக்கும். எஃப்எஸ்டேப் என்ற அமைப்பு ஃபைலில் டிஸ்கின் அடையாள எண்ணான யூயூஐடியைக் கொடுத்து, எம்என்டி-க்குள் நிலையான இடத்தில் மவுண்ட் செய்யுங்கள். படம் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டுமல்ல, மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நுழைவு அனுமதி வேண்டும்.

---

திரைக்கொட்டகை

பத்துப் படச் சோதனை சரியாக வந்தது. மூன்று என்எஃப்ஓ ஃபைல்தான் குற்றவாளி, நீக்கியதும் 1980 பில்லா அதன் இடத்துக்கு வந்துவிட்டது. கடைசியாக ஒன்று: சீரியலில் ஒரு மணி நேர 'மகாசங்கமம்' எபிசோடுகள் இருக்கின்றன. இரண்டு எண்ணுக்கு ஒரே ஃபைல். அதே ஃபைல் இன்னொரு சீரியலுக்கும் சேர்ந்தது. அந்தச் சீரியலும் கொஞ்சம் இருக்கிறது.

---

கேசட்_காலம்

இரண்டு எண்ணுக்கு ஒரு ஃபைல் என்றால் 'எஸ்01ஈ0450-ஈ0451'. வெட்டத் தேவையில்லை, பட்டியலில் ஒரே பதிவாக இரண்டு எண்ணும் காட்டும்.

இரண்டு சீரியலுக்கும் பொது என்றால் ஹார்டு லிங்க் போடுங்கள். 'எல்என்' கட்டளை, எஸ் ஆப்ஷன் இல்லாமல். இரண்டு ஃபோல்டரிலும் அதனதன் எண்ணில் பெயர் இருக்கும், டிஸ்கில் இடம் ஒரு தடவைதான் போகும், ஒன்றை நீக்கினாலும் மற்றது நிற்கும். இரண்டும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால்தான் நடக்கும். உங்களிடம் ஒரே டிஸ்க், பிரச்சினை இல்லை. ஆனால் பேக்கப் எடுக்கும்போது ஆர்சிங்கில் பெரிய எச் ஆப்ஷன் சேருங்கள், இல்லாவிட்டால் பேக்கப் டிஸ்கில் அது இரண்டு தனி ஃபைலாக இரட்டை இடம் பிடிக்கும்.